நூறுக்கு நூற்றறுபது: நேபாள ரூபாயின் கதை

டாலர் இன்று என்ன விலை என்று தினமும் செய்தியில் பார்க்கிறோம். நேபாள ரூபாயின் விலையைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. 1993 பிப்ரவரி முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பதுதான் கணக்கு. நகரத்து அடுக்குமாடிகளில் காவல் வேலையிலும், ஓட்டல் சமையலறைகளிலும் இருக்கும் நேபாளத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் அனுப்பினால் ஊரில் பதினாறாயிரம் என்று யோசிக்காமல் சொல்வார்கள். ஆனால் இந்த எண் சும்மா வந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் நேபாளத்தில் இரண்டு நாட்டுப் பணமும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. இந்தியாவை ஒட்டிய தராய் சமவெளியில் நம் ரூபாய்க்கே மவுசு அதிகம். மாற்று விலையைக் கடைவீதிதான் முடிவு செய்தது. அது ஏறும், இறங்கும். 1956இல் நேபாள ராஷ்டிர வங்கி தொடங்கப்பட்டது. 1960இல் அந்த வங்கி, 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று விலையை நிலைநிறுத்தியது.

ஆறு ஆண்டுகள் ஓடின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ரூ.4.76க்குக் கிடைத்த டாலர் ரூ.7.50 ஆனது. நேபாளம் கூடவே குறைக்கவில்லை. விளைவு, 160 நேபாள ரூபாய் வாங்கித் தந்த 100 இந்திய ரூபாய், ஒரே நாளில் சுமார் 101 ரூபாய்தான் வாங்கித் தந்தது.

இதை ஒரு வீட்டுக் கணக்காகப் பாருங்கள். இங்கே வேலை செய்து மாதம் நூறு ரூபாய் அனுப்பியவரின் குடும்பத்துக்கு, நேபாளப் பணத்தில் வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இந்திய ராணுவத்தில் பணிபுரிந்து, ஊரில் பென்ஷன் வாங்கிய கூர்க்கா வீரர்களுக்கும் அதே கதிதான். நேபாளத்து விளைபொருள்கள் இந்தியச் சந்தையில் விலை கூடின. இந்தியச் சரக்குகள் அங்கே மலிவாயின. தனித்து நிற்பது கௌரவம்தான், ஆனால் அதற்கு விலை இருந்தது. ஒன்றரை ஆண்டுதான் தாங்க முடிந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அடுத்த மாதமே நேபாளமும் தன் பணத்தின் மதிப்பைக் குறைத்து, விலையை 135க்குக் கொண்டுவந்தது.

அதன் பிறகும் எண் மாறிக்கொண்டே இருந்தது. 1985 இறுதியில் 170 வரை போய், மெல்ல இறங்கி, 1993இல் பழைய 160க்கே திரும்பியது.

ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள்? நேபாளத்தின் வெளிவணிகத்தில் பெரும்பகுதி இந்தியாவோடுதான். எல்லையும் திறந்த எல்லை. விலை தினம் ஆடினால் எல்லையோரக் கடைக்காரர் முதல் இங்கே வேலை செய்பவர் வரை எல்லாருக்கும் தலைவலி. ஆனால் இந்த நிம்மதி இலவசமில்லை. இந்திய ரூபாய் போதாதபோது நேபாள ராஷ்டிர வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று அதை வாங்குகிறது. நமக்கு டாலர் 80 ரூபாய் என்றால் அவர்களுக்கு 128. நம் ரூபாய் சரிந்தால் அவர்கள் ரூபாயும் கூடவே சரியும், அவர்கள் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும்.

2016இல் நாம் 500, 1000 ரூபாய் நோட்டுகளை மாற்ற வங்கி வாசலில் நின்றது நினைவிருக்கும். அதே நோட்டுகளை நேபாளத்தில் சேமித்து வைத்திருந்த பலருக்கு நிற்க ஒரு வரிசைகூட இல்லை. விகிதம் 160ஆகவேதான் இருந்தது. கையிலிருந்த நோட்டு மட்டும் வெறும் காகிதமானது.

ஆகவே உங்களிடம் வேலை செய்யும் நேபாளத்துக்காரர் ஊருக்குப் பணம் அனுப்ப வழி கேட்டால், ரொக்கமாகக் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். வங்கி மூலம் நேபாளத்துக்கு அனுப்பவே ரிசர்வ் வங்கி 2008இல் ஒரு தனித் திட்டம் கொண்டுவந்தது. வங்கிக் கிளையில் அதைப் பற்றிக் கேட்டு, அவருக்குச் சொல்லுங்கள். அந்தப் பதினாறாயிரம் முழுசாக வீடு போய்ச் சேரட்டும்.