வரிசையில் நம் இடம்

பதின்மானம் என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால், அவ்வரிசையைப் பத்துச் சம பங்காக்கும் ஒன்பது எல்லைகளே பதின்மானங்கள். ஐந்தாவது எல்லைதான் இடைநிலை.

இத்தகைய அளவைகளைப் பரப்பியவர் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன். 1884-இல் இலண்டனில் நடந்த உடல்நலக் கண்காட்சியில் அவர் ஓர் அளவைக்கூடம் அமைத்தார். மூன்று பென்னி கட்டணம் கொடுத்து 9,337 பேர் வந்தனர். உயரம், எடை, கைப்பிடியின் வலிமை, மூச்சின் கொள்ளளவு என ஒவ்வொருவரிடமும் 17 அளவுகள் எடுக்கப்பட்டன. (காசு கொடுத்துத் தேர்வு எழுதிய கூட்டம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு!) அவ்வெண்களை வரிசைப்படுத்தி, ஒருவர் தம் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பதைக் கால்ட்டன் காட்டினார்.

பயன் பெரிது. கடினமான தேர்வில் 52 மதிப்பெண் பெற்றவன் ஒன்பதாம் பதின்மானத்தைத் தாண்டியிருக்கலாம்; எளிய தேர்வில் 80 பெற்றவன் இடைநிலைக்குக் கீழே நிற்கலாம்.

ஆயினும் அதே கால்ட்டன், திறமை பெரும்பாலும் பிறப்பால் வருவதென்று நம்பினார். மேல்வரிசையினரின் மரபே பெருகவேண்டும் என்று வாதிட்டு, 1883-இல் அக்கொள்கைக்குப் பெயரும் சூட்டினார். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பதின்மானம் இடத்தைச் சொல்லும். அவ்விடம் வாய்த்த காரணத்தைச் சொல்லாது. ஆதலால் இப்பாடம் நடத்திய நாள்களில், மதிப்பெண் வரிசைக்குப் பக்கத்திலேயே, மாணவர்கள் பள்ளிக்கு நடந்துவரும் தொலைவின் வரிசையையும் கரும்பலகையில் எழுதி வந்தேன்.