ஆசையா வாங்கின ஸ்ட்ராபெரி ரெண்டே நாள்ல அழுகுதா... கற்றாழைப் பூச்சு காப்பாத்துமா?

கொடைக்கானல் டூர் போயிட்டு வரும்போது ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்காம யாரும் வர்றதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா மேல்வரிசை பளபளன்னு இருக்கும். அடியில பார்த்தா, சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி பூஞ்சை! நமக்கு ஒரு டப்பாவோட போச்சு. ஆனால், விளைவித்தவருக்கு? பழம் சந்தைக்குப் போய்ச் சேரும் முன்பே வருமானம் கரையத் தொடங்கிவிடுகிறது.

இந்த அழுகலைத் தள்ளிப்போட ஆய்வாளர்கள் கையில் எடுத்திருக்கும் ஒரு வழிதான், தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் உண்ணக்கூடிய பூச்சு. பழத்தோடு சேர்த்து அப்படியே சாப்பிட்டுவிடலாம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

பறித்த பிறகும் பழம் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும். ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கும். ஸ்ட்ராபெரியில் சுமார் 90 சதவிகிதம் தண்ணீர். வாழை, ஆரஞ்சு போல தடிமனான தோலும் கிடையாது. அதனால் ஈரம் வேகமாக வெளியேறி, பழம் சுருங்கும். இதோடு 'போட்ரைட்டிஸ்' என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். இது தோட்டத்திலேயே, பூ பருவத்திலேயே ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. ஒரு பழத்தில் கிளம்பினால் பக்கத்துப் பழத்துக்கும் தாவிவிடும்.

திராட்சை மேல இருக்கிற வெள்ளை... மருந்தா?

கம்பம் பன்னீர் திராட்சை மேல் மெல்லிய வெண்படலம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மருந்துன்னு நினைச்சு தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறோம். ஆனால், சீராகப் படர்ந்திருக்கும் அந்தப் படலம் பழமே சுரக்கும் மெழுகு. ஈரம் வெளியேறாமல் காப்பது அதன் வேலை. புளூபெரியிலும் இதே கதைதான். திட்டுத்திட்டாக, சொட்டுச்சொட்டாகக் காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் அது தெளித்த மருந்தாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், சாப்பிடும் முன் கழுவுவது அவசியம்.

இயற்கை கொடுத்த இந்தக் கவசத்தைத்தான் ஆய்வாளர்கள் வேறு தாவரங்களை வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள்.

கற்றாழை செய்த மாயம்

ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2005-ல் திராட்சைக் கொத்துகளுக்குச் சோற்றுக்கற்றாழை ஜெல் பூசி, 1 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். பூசாத திராட்சை சுமார் 7 நாள் தாக்குப்பிடித்தது. பூசியது 35 நாள் வரை தாங்கியது! அதே ஆண்டு சிலியில், சப்பாத்திக்கள்ளியின் வழவழப்பான சாற்றை ஸ்ட்ராபெரிக்குப் பூசி ஆய்வு செய்தார்கள். மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்சும் இதற்குப் பயன்படுகிறது.

பூச்சு காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத படலமாகிவிடும். உள்ளே போகும் ஆக்சிஜனைக் குறைத்து, பழத்தின் சுவாசத்தை மெதுவாக்கும். ஆனால், ஸ்டார்ச் போன்ற பூச்சுகள் ஈரத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் கொஞ்சம் மெழுகோ எண்ணெயோ சேர்ப்பார்கள். பூஞ்சையைத் தடுக்க கிராம்பு, பட்டை எண்ணெயும் சேர்ப்பதுண்டு. அளவு கூடினால் ஸ்ட்ராபெரி பிரியாணி வாசம் அடிக்கும்! பூச்சு ரொம்பத் தடிமனானாலும் சிக்கல். ஆக்சிஜன் கிடைக்காமல் பழம் உள்ளுக்குள் புளித்துவிடும்.

சைவமா, அசைவமா?

உண்ணக்கூடிய பூச்சு எல்லாமே தாவரத்திலிருந்து வருவதில்லை. 'கைட்டோசான்' பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. 'ஷெல்லாக்' அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. 'கார்னாபா' மெழுகு பிரேசில் நாட்டுப் பனை மரம் ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் பழங்களுக்குத் தேன்மெழுகு, கார்னாபா, ஷெல்லாக் பூச அனுமதி உண்டு. பூசியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். வாங்கும்போது படிச்சுப் பாருங்க.

வீட்டுல பூசிப் பார்க்கலாமா?

அவசரப்படாதீங்க. கற்றாழை மடலை வெட்டினால் வடியும் மஞ்சள் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆய்வகத்தில் ஜெல்லைப் பக்குவப்படுத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் அரைத்த ஜெல் தானே சீக்கிரம் கெட்டுவிடும். பூசிய பழம் முழுசா காயலைன்னா, அந்த ஈரமே பூஞ்சைக்கு விருந்து. அதைவிட இதையெல்லாம் செய்யுங்க:

* வாங்கி வந்ததும் நசுங்கின, பூஞ்சை பிடிச்ச பழத்தை உடனே எடுத்துடுங்க.
* கழுவாம வையுங்க. சாப்பிடும் முன் கழுவினா போதும். காம்பைக் கிள்ளாதீங்க.
* டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரிச்சு, ஒரே அடுக்கா அடுக்குங்க.
* ஃப்ரிட்ஜில் வைக்கத் தாமதிக்காதீங்க. கடைகளுக்கு அனுப்பும் ஸ்ட்ராபெரியை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அப்படி வைத்தாலும் சுமார் ஒரு வாரம்தான் தாங்கும்.
* 'காயா இருக்கு, வெச்சா பழுக்கும்'னு ஸ்ட்ராபெரி வாங்காதீங்க. பறித்த பிறகு அது பழுக்காது.

ஸ்பெயினில் திராட்சை 35 நாள் தாங்கியதற்குப் பூச்சு பாதிக் காரணம்னா, 1 டிகிரி குளிர் மீதிக் காரணம். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குளிர்பதன வசதி இருந்தால்தான், விவசாயிக்கு எந்தப் பூச்சும் கைகொடுக்கும். நம்ம வீட்டு ஸ்ட்ராபெரிக்கும் முதல் கவசம் குளிர்ச்சிதான்!