ல-வுக்கும் ள-வுக்கும் நடுவில் ஒரு பிட்

யூனிகோட் பட்டியலில் ல-வின் எண் 2994, ள-வின் எண் 2995. ர 2992, ற 2993. ந 2984, ன 2985. கம்பியூட்டர் இந்த எண்களைப் பூச்சியமும் ஒன்றுமாக எழுதித்தான் வைத்திருக்கும். அப்படி எழுதிப் பார்த்தால் மூன்று சோடியிலும் வித்தியாசம் கடைசியில் இருக்கிற ஒரே ஒரு பிட்தான். ரேமில் அந்த ஒரு பிட் புரண்டால் போதும், கமலா கமளா ஆகிவிடுவார். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் சிவப்புப் பேனையால் சுழிக்கிற அதே எழுத்துகள்!

ஒரு எழுத்து மாறினால் என்ன குடியா முழுகிப்போகும் என்று வெளியில் யாராவது கேட்கலாம். தோட்டத்தில் கேட்க மாட்டார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் தாங்கள் இங்கேயே தொடர்ந்து வசித்ததைப் பத்திரங்களோடு நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாகின. இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! அந்தப் பிழைகளைச் செய்தது பேனைதான், தமிழ் தெரியாத காதுதான், கம்பியூட்டர் இல்லை. ஆனால் இப்போது பேர்கள் எல்லாம் கம்பியூட்டருக்குள் போகின்றன. அது எப்படி மறக்கிறது, மறந்ததை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப்பார்க்க எங்களுக்கு அதனால்தான் ஆசை வந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருந்து தொடங்கலாம். கணக்கப்பிள்ளை எழுதுகிற கிலோ ஒன்று, கொழுந்து எடுத்த அம்மா மனசில் வைத்திருக்கிற கிலோ இன்னொன்று. இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏதோ பிழை என்று தெரியும், எது பிழை என்று தெரியாது. பக்கத்தில் நின்ற மூன்றாவது ஆளுக்கும் ஞாபகம் இருந்தால் தீர்ப்புச் சொல்லிவிடலாம். கம்பியூட்டர் உலகத்தில் முதலாவதற்குப் பேர் பேரிட்டி. எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு சாட்சி பிட். எட்டில் எத்தனை ‘ஒன்று’ இருக்கின்றன, ஒற்றையா இரட்டையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இரண்டு பிட் சேர்ந்து புரண்டால் அதுவும் ஏமாந்துவிடும்.

மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தவர் பெல் ஆய்வுகூடத்து ரிச்சர்ட் ஹேமிங். 1947இல் அங்கிருந்த ரிலே இயந்திரம் பிழையைக் கண்டால், வார இறுதியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், அந்த வேலையையே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஹேமிங்கின் கணக்கு அப்படியே கிடக்கும். பிழை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு, எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 1950இல் வெளியான ஹேமிங் குறிமுறை. அது புரண்ட பிட்டைக் கண்டுபிடித்துத் தானே திருத்திவிடும். இன்றைய சேர்வர்களில் இருக்கிற ஈ.சி.சி. ரேம் அதன் வாரிசு.

1978இல் இன்டெல் நிறுவனத்தின் மேயும் வூட்ஸும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்ல சிப்பிலும் பிட் புரண்டது. மறுபடி எழுதினால் சரியாகிவிட்டது. காரணம், சிப்பை மூடியிருந்த பீங்கான் உறைக்குள் கலந்திருந்த யுரேனியம், தோரியம் துணுக்குகள். அடுத்த வருஷமே ஐ.பி.எம்.மின் சீக்லர் விண்வெளிக் கதிர்களும் இதைச் செய்யும் என்றார். உயரம் கூடக்கூட அந்தக் கதிர்களும் கூடும். அப்படியென்றால் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியா? கொழும்பைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் நாம் இருக்கிற பூமத்திய ரேகைப் பக்கம் பூமியின் காந்தப்புலம் பலமான குடை பிடிக்கிறது, அதனால் ரேம் பழுதுக்கு வானத்தைப் பார்த்துத் திட்ட வேண்டியதில்லை.

1981இல் வந்த முதல் ஐ.பி.எம். பீ.சி.யில் வரிசைக்கு ஒன்பது சிப் இருந்தது. பேரிட்டி பிழை வந்தால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். 90களில் விலையைக் குறைக்க அந்த ஒன்பதாவது சாட்சியைக் கழற்றிவிட்டார்கள். பாடசாலைகளுக்கும், 2000களின் நடுவில் திறந்த நெனசல நிலையங்களுக்கும், கொமியுனிகேஷன் கடைகளுக்கும் வந்தவை இந்தச் சாட்சி இல்லாத சாதாரண ரகம். பாங்க் சேர்வருக்குச் சாட்சி உண்டு, தோட்டத்துப் பிள்ளையின் சான்றிதழை டைப் பண்ணுகிற பெட்டிக்கு இல்லை. எங்களுக்கு இது சும்மா தொழில்நுட்ப விஷயமாகத் தெரியவில்லை.

சாட்சி போனபின் மிச்சமிருக்கிற ஒரே வழி, எழுதி, திருப்பி வாசித்துப் பார்ப்பது. 90களின் நடுவில் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 அதைத்தான் செய்கிறது. விண்டோஸ் ஓடினால் அதுவே ரேமில் இடம் பிடித்துக்கொள்ளும் என்பதால் பென் டிரைவிலிருந்து தனியாக ஓடும். முழுக்கப் பூச்சியம் எழுதும், ஒவ்வொன்றாக வாசித்து ஒன்றாக்கும், பிறகு பின்னாலிருந்து வாசித்துத் திரும்பப் பூச்சியமாக்கும். பக்கத்து அறையில் எழுதினால் இந்த அறை மாறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

2009இல் கூகிள் சேர்வர்களில் இரண்டரை வருஷம் திரட்டிய தரவை டொரண்டோவின் பியாங்கா ஷ்ரோடர் குழு வெளியிட்டது. வருஷத்துக்கு ஏறத்தாழ 8% ரேம் துண்டுகளில் பிழை. பெரும்பாலும் கதிர் இல்லை, துண்டே பழுது. ஆகவே தேடினால் ஆள் அகப்படும். ப்ளூ ஸ்க்ரீன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால், நல்ல ஸிப் கோப்பு திறக்க மறுத்தால், ரேமைச் சந்தேகிக்கலாம். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, துண்டின் தங்க முலாம் பல்லை அழிறப்பரால் மெதுவாகத் துடைக்கணும். எங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் பாதி வியாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஒரு துண்டை மட்டும் போட்டு இரவு முழுக்கச் சோதனை, பிறகு மற்றதை, பிறகு ஸ்லொட்டை மாற்றி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2003 மே 18, பெல்ஜியத் தேர்தலில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு கூடுதலாக விழுந்தது. 4,096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு. ஒரு பிட் புரண்டிருக்கணும் என்பதே நிபுணர்களின் முடிவு, நிரூபிக்க முடியவில்லை. வரவே முடியாத அளவு வாக்கு என்பதால்தான் அது பிடிபட்டது. நாலு வாக்கு கூடியிருந்தால் யார் கவனித்திருப்பார்? கமளாவை யார் கவனிப்பார்?

பழுதான துண்டைக் கழற்றிவிட்டாலும், அது உள்ளே இருந்த நாட்களில் சேமித்த கோப்புகளில் புரண்ட பிட் அப்படியேதான் இருக்கும். எந்த சொப்ட்வெயரும் அதை நமக்குச் சொல்லாது. அந்த மாதங்களில் டைப் பண்ணிய பேர்ப்பட்டியல்களை எடுத்து, பழைய கடதாசியைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்கணும்: கமலா, சின்ன ல.