ஒரு பழைய கணினி எப்படிப் பிழைத்தது? - ஸ்பெக்ட்ரமும் எமுலேட்டர்களும்

மைக்ரோப்ராசஸர் லேபில் 8085 கிட்டோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் இந்தக் கட்டுரை சமர்ப்பணம். அந்த 8085க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சிப் உண்டு. பெயர் இசட்80. அதை வைத்துச் செய்த ஒரு சின்னக் கணினியில்தான் 1980களில் பிரிட்டனில் லட்சக்கணக்கான பையன்களும் பெண்களும் முதன்முதலாக ப்ரோகிராம் எழுதிப் பார்த்தார்கள். அதுதான் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். அதன் தயாரிப்பு நின்று 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் உங்கள் லேப்டாப்பில் பத்து நிமிடத்தில் அதை ஓடவிடலாம். இது எப்படி சாத்தியமாயிற்று, எந்த எமுலேட்டரை எடுப்பது, எடுத்தபின் எதை மாற்றி வைப்பது என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கதை

1982 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் நகரத்தின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் ஸ்பெக்ட்ரமை அறிமுகப்படுத்தியது. 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. அன்றைக்கு அது ரொம்ப மலிவு. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் செருக வேண்டும். டிஸ்க் கிடையாது, பாட்டு கேட்கும் கேசட் ப்ளேயர்தான் எல்லாம். ஒரு பெரிய கேமை ஏற்ற 4, 5 நிமிடம் ஆகும். அதுவரை டிவியின் ஓரங்களில் கலர் கலராகக் கோடுகள் ஓடும், கீச்சென்று சத்தம் கேட்கும்.

உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80. இதை உருவாக்கிய ஃபெடரிகோ ஃபேஜின், அதற்கு முன் இன்டெலில் 4004, 8080 சிப்களில் வேலை செய்தவர். அதனால் 8080க்கு எழுதிய மெஷின் கோடு பெரும்பாலும் இதிலும் ஓடும்.

1986ல் சின்க்ளேரின் கணினி வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஸ்பெக்ட்ரமின் கதை கடைகளில் முடிந்தது. ஆட்டம் க்ளோஸ் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

எமுலேட்டர் வந்தது

எமுலேட்டர் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. லேபில் நாம் நோட்டில் ட்ரேஸ் டேபிள் போடுவோமே, இந்த இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் பிறகு ஏ ரெஜிஸ்டரில் என்ன, ஃப்ளாகில் என்ன என்று... அதையே ஒரு ப்ரோகிராம் நொடிக்கு லட்சக்கணக்கில் செய்கிறது. அவ்வளவுதான்.

1990களில் வீட்டு பிசிக்கள் அந்த அளவுக்கு வேகம் பெற்றதும் டாஸில் ஓடும் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் வந்தன. நெதர்லாந்தின் கெர்ட்டன் லன்டர் எழுதிய எமுலேட்டரின் பெயரே 'இசட்80'. நார்வேயின் ஆர்ன்ட் குல்ப்ராண்ட்சன் எழுதியது 'ஜேபிபி'. எந்தக் கம்பெனியும் கேட்டு இவர்கள் எழுதவில்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி வருகிறது. கேம் கேசட்டில் இருக்கிறது. அதை பிசிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஸ்னாப்ஷாட்டா? கேசட்டா?

முதல் வழி சுலபமானது. கேம் ஏறி முடிந்ததும் மெமரியை அப்படியே ஒரு ஃபைலில் கொட்டிவிடுவது. இதற்குப் பெயர் ஸ்னாப்ஷாட். எஸ்என்ஏ என்ற வகை ஃபைலின் அளவு 49,179 பைட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 48 கே மெமரிக்கு 49,152 பைட், ரெஜிஸ்டர்கள் முதலானவற்றுக்கு 27 பைட். ஒட்டுமொத்த கணினியின் ஒரு நொடி நிலைமை இதற்குள் அடக்கம்!

சௌகரியம்தான். க்ளிக் செய்தால் கேம் ரெடி. ஆனால் இதில் ஒரு இழப்பு இருக்கிறது. 1984ல் வந்த ஜெட் செட் வில்லி கேமை எடுத்துக்கொள்வோம். கேசட்டோடு ஒரு கலர் அட்டை கொடுத்தார்கள். கேம் ஏறியதும், அட்டையின் இந்தக் கட்டத்தில் என்ன கலர்கள் என்று கேட்கும். சரியாகச் சொன்னால்தான் ஆடலாம். அக்காலத்தில் ஜெராக்ஸ் எல்லாம் கருப்பு வெள்ளை. அதனால் காப்பியடிப்பவர்களைத் தடுக்க இந்தத் தந்திரம். இந்தக் கேள்வியைத் தாண்டியபின் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அட்டையும் கேள்வியும் காணாமல் போய்விடும். யாராவது இடையில் உயிர்களின் எண்ணிக்கையை மாற்றியிருந்தாலும் தெரியாது. அந்தக் கேம் எப்படி விற்கப்பட்டது என்பதற்கான சாட்சி அந்த ஃபைலில் இல்லை.

இரண்டாவது வழி, கேசட்டையே பதிவு செய்வது. முதலில் டேப் என்ற ஃபைல் வகை வந்தது. அது பைட்களை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் பல கேம்கள் தமக்கென்று தனி லோடர் எழுதி, சத்தத்தின் வேகத்தையே மாற்றியிருந்தன. அதற்காக 1990களின் பிற்பகுதியில் டிஇசட்எக்ஸ் வந்தது. இது துடிப்புகளின் நீளத்தையும் குறித்துக்கொள்கிறது. ஸ்பெக்ட்ரமின் சாதாரண முறையில் பூஜ்யம் என்றால் 855 டி-ஸ்டேட் நீளத் துடிப்புகள் இரண்டு. ஒன்று என்றால் 1710 டி-ஸ்டேட் நீளத்தில் இரண்டு. டி-ஸ்டேட் என்றதும் பரீட்சை ஞாபகம் வருகிறதா? :-) கேசட்டின் காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் பழுதாகிக்கொண்டே போகிறது. அது கெடுவதற்குள் துடிப்பு துடிப்பாக எடுத்து வைத்ததால்தான் பல கேம்கள் முழுமையாக நம்மிடம் இருக்கின்றன.

ஒரு கடிதம் செய்த வேலை

கேம் இருந்தால் போதாது. கணினியின் 16 கே ராம் அல்ல, 16 கே 'ரோம்' வேண்டும். பேசிக் மொழி, கேசட் படிக்கும் ரொட்டீன் எல்லாம் அதில்தான். அதன் காப்புரிமை ஆம்ஸ்ட்ராட்டிடம் இருந்தது. 1999ல் அங்கே பணிபுரிந்த க்ளிஃப் லாசன், நிறுவனத்தின் நிலையை ஒரு யூஸ்நெட் குழுவில் எழுதினார். காப்புரிமை எங்களுடையதுதான், ஆனால் உரிமை அறிவிப்பை மாற்றாமல் எமுலேட்டரோடு ரோமைக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்று ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரைத் திறந்ததும் 1982, சின்க்ளேர் ரிசர்ச் என்ற வரி வருவதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாக் கணினிக்கும் வாய்க்கவில்லை. அமிகா கணினியின் 'கிக்ஸ்டார்ட்' ரோமை இப்படி இலவசமாகக் கொடுக்க முடியாது. அதனால் அமிகா எமுலேட்டரை இறக்கியபின் பலர் ரோமுக்காகத் தனியாக அலைகிறார்கள், அல்லது காசு கொடுத்து வாங்குகிறார்கள். எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கோ ஆர்வலர்களே 'சி-பயாஸ்' என்று புதிதாக ஒன்று எழுத வேண்டியிருந்தது.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஆம்ஸ்ட்ராட்டின் அனுமதி ரோமுக்கு மட்டும். கேம்களின் உரிமை அந்தந்த நிறுவனங்களிடம். சிலர் தாராளமாக அனுமதித்தார்கள், சிலர் மறுத்துவிட்டார்கள்.

சரி, எதை எடுப்பது?

என் ஓட்டு 'ஃப்யூஸ்' எமுலேட்டருக்கு. இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். நீங்கள் வேறு எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள்.

1. டிஇசட்எக்ஸ் ஃபைலை நிஜ வேகத்தில் ஏற்றுகிறதா? ஃப்யூஸில் வேகமாக ஏற்றும் வசதிகளையும் டேப் ட்ராப்பையும் அணைத்துவிட்டு ஒருமுறையாவது முழு 5 நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

2. நேரக்கணக்கு சரியா? ஸ்பெக்ட்ரமில் படத்தை வரையும் யுஎல்ஏ சிப்பும் இசட்80யும் கீழ் 16 கே ராமுக்குப் போட்டியிடும். யுஎல்ஏ வரையும்போது இசட்80 காத்திருக்க வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு 69,888 டி-ஸ்டேட். இதைக் கணக்கில் எடுக்காத எமுலேட்டரில் சில கேம்களின் பார்டர் கோடுகள் இடம் மாறித் தெரியும்.

3. 'இஷ்யூ 2' கீபோர்டு ஆப்ஷன் இருக்கிறதா? ஆரம்பகால போர்டுகளில் கீபோர்டு போர்ட்டின் ஒரு பிட் வேறு மாதிரி படிக்கும். அந்தக் காலத்துக் கேம் ஒன்று கீபோர்டுக்கு மசியாமல் நின்றால் இதை ஆன் செய்து பாருங்கள்.

சும்மா ஆடிவிட்டு மூட வேண்டும் என்றால் ஸ்னாப்ஷாட் போதும், தப்பே இல்லை. ஆனால் அந்த நாளில் ஒரு பையன் டிவி முன் உட்கார்ந்து எதைப் பார்த்தான், எவ்வளவு நேரம் காத்திருந்தான், எந்தப் பூட்டைத் திறந்தான் என்று தெரிய வேண்டுமானால் கேசட்டை கேசட்டாகவே நடத்தும் எமுலேட்டரை எடுங்கள். ஸ்பெக்ட்ரமை இத்தனை காலம் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் வேலை செய்தவர்கள். ஒருவர் ப்ரோகிராம் எழுதினார், ஒருவர் கேசட்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். அவர்கள் பாடுபட்டு எடுத்து வைத்த அந்த 5 நிமிடத்தை நாம் ஒரு க்ளிக்கில் தாண்டிப் போகாமல் ஒருமுறையாவது முழுசாகக் கேட்போமே. சத்தம் கொஞ்சம் கர்ணகொடூரம்தான், வால்யூமைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்!