பனிக்காட்டுச் சிற்றூர் க்வில்டா

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். ஆண்டின் பன்னிரண்டு திங்களிலும் உறைபனி படக்கூடிய ஒரு மலைநிலத்தை அவர் கண்டிருப்பின் அதற்கு எப்பொழுதை உரியதாக்கியிருப்பாரோ! அத்தகைய நிலம் ஐரோப்பாவின் நடுவே உள்ளது. செக் நாட்டின் தென்மேற்கு எல்லையில், சுமாவா தேசியப் பூங்காவின் காட்டினுள், கடல் மட்டத்திற்கு மேல் 1,065 மீட்டர் உயரத்தில் க்வில்டா என்னும் சிற்றூர் இருக்கிறது. அந்நாட்டு ஊராட்சிகளுள் மிக உயரத்தில் அமைந்தது இதுவே. நிலையாகக் குடியிருப்போர் இருநூறு பேரும் இலர்.

ஊருக்கு அருகே சதுப்புப் பள்ளம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கே வெப்பமானி சுழிக்குக் கீழ் 41.6 பாகை காட்டியது. சுற்றிலும் இதனினும் உயர்ந்த முகடுகள் இருக்க, பள்ளத்தில் இத்துணைக் குளிர் ஏன் என்று மாணவர் கேட்பின் விடை எளிது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவுகளின் வழியே தண்ணீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. சதுப்பின் மேற்பாசியோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது; ஆதலால் நிலத்தின் சூடு மேலே வந்து அக்குளிரைத் தணிப்பதில்லை. உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்று நாம் வகுப்பில் கூறும் விதிக்கு இஃது ஒரு புறனடை.

இவ்வளவு கொடிய இடத்திற்கு மக்கள் ஏன் சென்றனர்? முதலில் உப்பு, பின்னர் மரம். பாசௌ நகரிலிருந்து பொகீமிய நாட்டிற்கு உப்பு ஏற்றிச் சென்ற பொதிக்குதிரைகளின் வழி, ‘பொன்வழி’ என்று பெயர் பெற்றது. அதன் கிளையொன்று க்வில்டா வழியே சென்றது. அவ்வழியையும் அப்பகுதியின் பொற்சுரங்கங்களையும் காக்க, நான்காம் சார்லசு மன்னன் 1356இல் காஷ்பெர்க் கோட்டையைக் கட்டுவித்தான். உப்பு வாணிகம் தளர்ந்தபின் காடே செல்வமாயிற்று. யோசேப் ரோசனவர் என்னும் பொறியாளர், பாறை நிறைந்த வித்ரா ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட இயலாமை கண்டு, பக்கத்தூராகிய மோத்ராவாவின் அருகே 1799 முதல் 1801 வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். இக்காட்டு விறகு அதன்வழி மிதந்து பிராகு நகரின் அடுப்புகளுக்குச் சென்றது. குளிரில் மெல்ல வளர்ந்த ஸ்புரூஸ் மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருங்கியும் ஒரு சீராகவும் இருக்கும். ஆதலின் வயலினுக்கும் பியானோவிற்கும் ஒலிப்பலகை செய்ய அது சிறந்ததாயிற்று.

1870ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பெரும்புயல் ஒன்று வீசிக் காட்டைச் சாய்த்தது. விழுந்த மரங்களில் மரப்பட்டை வண்டு பெருகி, நின்ற மரங்களையும் தின்றது. அவற்றை வெட்டியகற்றப் பல திசைகளிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். மரமுடைய குடியானவர் கையில் திடீரெனப் பணம் புரண்டது. வந்த வேகத்திலேயே போயிற்று. ரப்பர் விலை ஏறி இறங்கிய நாள்களைக் கேட்டறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கதையை எழுதி வைத்தவர் ஓர் ஆசிரியர். காரெல் குளோஸ்டர்மன் (1848–1923) பில்சன் நகரப் பள்ளியில் பிறமொழிகள் கற்பித்தவர். சுமாவாவின் செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், முதலில் செருமானியத்தில் எழுதினார். பின்னர்ச் செக் மொழிக்கு மாறினார். புயலும் வண்டும், பணம் வந்து கெட்ட குடிகளும் அவருடைய செக் புதினங்களில் இடம்பெற்றன. இந்த மொழிமாற்றத்தின் பயன் அவருடைய காலத்தில் தெரியவில்லை.

அவர் காலத்தில் க்வில்டாவில் வாழ்ந்தோர் பெரும்பாலும் செருமானியம் பேசுவோரே. 1918இல் ஊர் செக்கோஸ்லோவாக்கியாவின் பகுதியாயிற்று. 1938இல் மூனிச் உடன்படிக்கையால் இட்லரின் ஆட்சிக்குட்பட்டது. போர் முடிந்தபின், ஏறத்தாழ 30 இலட்சம் செருமானியர் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். க்வில்டா மக்களும் கையிற் கொண்டது போக மற்றவற்றை விட்டுச் சென்றனர். இட்லருக்குத் துணை நின்றோரும், யாதொரு குற்றமும் அறியாக் குழந்தைகளும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டனர். இதனை நீதி என்று கூற என் மனம் ஒப்பவில்லை; அதற்கு முன் நடந்த கொடுமையை மறந்து இதனைப் பேசுவதும் முறையன்று. பின்னர் எல்லையில் முள்வேலி எழுந்தது. க்வில்டாவுக்குத் தெற்கே இருந்த புச்சினா என்னும் ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று அங்கே பழைய வேலியின் மாதிரி ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

ஊர்ப்பெயர் நின்றது, ஊரார் மாறினர். தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு இதன் பொருள் சற்று விளங்கும். ஒரு லயத்து மக்கள் கலைந்து போனால், எந்த ஓடை எந்த மழையில் கரை புரளும் என்று சொல்ல ஆளில்லை. க்வில்டாவில் குடியேறியோர்க்கு 1870இன் புயலைப் பற்றிக் கூறப் பாட்டனார் இலர். ஆயினும் அந்நினைவு முற்றும் அழியவில்லை. செருமானியர் போயினும், செருமானியக் குடும்பத்து ஆசிரியர் செக் மொழியில் எழுதிய நூல்கள் புதியோர் படிக்கத்தக்கனவாய் இருந்தன.

1991இல் தேசியப் பூங்கா அமைந்தபோது அந்நினைவுக்கு வேலை வந்தது. 2007 சனவரியில் கிரில் என்னும் புயல் மீண்டும் காட்டைச் சாய்க்க, வண்டு மீண்டும் பெருகியது. நோயுற்ற மரங்களை வெட்டிக் காட்டைக் காக்க வேண்டும் என்றனர் பலர். ஊராட்சித் தலைவர்களுள்ளும் அக்கருத்தினர் இருந்தனர். காடு தானே மீளும், தொடவேண்டா என்றனர் இயற்கை ஆர்வலர். 2011ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் மோத்ராவாவின் அருகே மரங்களைச் சூழ்ந்து நின்று வெட்டுவோரைத் தடுத்தனர்.

1870இன் கதையை இரு சாராரும் சான்றாகக் காட்டலாம். புயலும் வண்டும் முன்பும் வந்தன, காடு பிழைத்தது என்பது உண்மை. ஆனால் அன்று ஆயிரக்கணக்கான கைகள் வெட்டி அகற்றின என்பதும் உண்மையே. ஆகவே, தொடாது விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்கதை சான்றாகாது. அதற்குச் சான்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் 1983இல் புயலில் விழுந்த மரங்களை அப்படியே கிடக்க விட்டனர். வண்டு பெருகிப் பெருங்காடு பட்டுப்போயிற்று, ஊரார் வெகுண்டனர். பின்னர்ப் பட்ட மரங்களின் அடியில் இளங்கன்றுகள் தாமே எழுந்தன. தொடாது விடும் கருத்தே வலியுடையது என்று நான் கொள்வது இதனாலேயாம். எனினும் தம் சன்னலுக்கு எதிரே மலை முழுதும் சாம்பல் நிறமாய் நிற்கக் கண்ட க்வில்டா மக்களை அறியாதவர் என்று பழிக்க நான் ஒருப்படேன். காடு மீள ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது.

ஊருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், 1,172 மீட்டர் உயரத்தில், வுல்தாவா ஆறு ஊற்றாய்ப் பிறக்கிறது. அங்கும் பட்ட ஸ்புரூஸ் மரங்கள் வெளுத்து நின்றன. அவற்றினிடையே கன்றுகள் முளைத்தன. பிராகு நகர்ப் பாலங்களின் கீழ் ஓடும் நீர் அதுவே.