நெய்யாறு இடதுகரைச் சானல்

நெய்யாறு இடதுகரைச் சானல், கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்து தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டத்துக்குள் வரும் பாசனக் கால்வாய். குடிநீர், பாசனம், மின்சாரம், கழிவகற்றல் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்து, அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று மதிப்பிட முனைவோருக்குப் பாறசாலை, களியக்காவிளை எல்லையூர்களில் முதன்மையான சான்று இதுவே.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றிப் பூவாறு அருகே கடலில் கலக்கும் நெய்யாற்றில் அணை கட்டத் திட்டமிட்ட காலத்தில், இவ்வூர்கள் யாவும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. பின்னர் முடிந்த சானல் இரு மாநில வயல்களுக்கும் பாய்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்து ஆயக்கட்டு ஏறத்தாழ 9,200 ஏக்கர்.

2004-இல் தமிழ்நாட்டுக்கான தண்ணீர் நின்றது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறே அல்ல என்பது கேரளத்தின் வாதம். ஆயக்கட்டு உரிமையைக் காட்டித் தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றது.

சானல் வறண்டால் நட்டம் நெல்லோடு முடிவதில்லை. சானல் நீர்தான் குளங்களை நிரப்புகிறது. அதன் ஊற்று கிணறுகளைக் காக்கிறது. அது நின்றால் கிணறு இறங்கும், மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், மின்தேவை ஏறும். வாழையும் மரச்சீனியும் ரப்பரும் நெல் வயலைப் பிடித்துக்கொண்டபின், தூர்ந்த கிளைச் சானல்களை வார ஆளில்லை. பாசனத்துறையின் கணக்கேடு மட்டும் இந்தச் சங்கிலியைக் காட்டாது.

நகரத்தின் தாகமும் இதே ஆற்றின்மேல்தான் விழுகிறது. 2017 வறட்சியில் நெய்யாறு அணை நீரை இறைத்து, கரமனை ஆற்றின் அருவிக்கரைக்குத் திருப்பியே திருவனந்தபுரத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்கள். தலைநகரின் குழாய்க்கும் விளவங்கோட்டின் கடைமடைக்கும் ஒரே நீர்த்தேக்கம் என்பதை எந்த மதிப்பீடும் மறைக்கக் கூடாது.

கழிவும் சானலின் திசையிலேயே எல்லை கடக்கிறது. களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் கேரளக் கழிவு லாரிகள் பலமுறை பிடிபட்டுள்ளன. திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கழிவுகளை, 2024 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாய உத்தரவுப்படி கேரளம் திரும்ப அள்ளிச் சென்றது.

ஆகவே மதிப்பீட்டின் அலகு மாநிலமோ ஊராட்சியோ அல்ல, ஆற்றுப்படுகை. கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா, கிணற்று மட்டம் நின்றதா, கழிவு சொந்த ஊரிலேயே பிரிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளை இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே ஏட்டில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும்.