பந்தும் பாதமும்

ரக்பி ஆட்டத்தில் குறுக்குக் கம்பத்திற்கு மேலாகப் பந்தை உதைத்தனுப்பும் வீரனை உலகம் போற்றுகிறது. அவன் காலுக்கு வாய்த்த பந்தின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இங்கிலாந்தின் ரக்பி நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பள்ளி மாணவர்களுக்குக் காலணி தைத்த தொழிலாளர்களே பந்தும் தைத்தனர். பன்றியின் சிறுநீர்ப்பையை வாயால் ஊதி, தோலுறைக்குள் பொதிந்தனர். பையின் வடிவமே பந்தின் வடிவம். ஒன்றுபோல் மற்றொன்று இராது. அத்தகைய பந்தைக் குறி தவறாது உதைப்பது அரிதன்றோ? நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதியே ரிச்சர்டு லிண்டன் என்னும் தொழிலாளியின் மனைவி நுரையீரல் நோயால் மாண்டார் என்பர். லிண்டன் 1862ஆம் ஆண்டளவில் ரப்பர்ப் பையையும், பின்னர் காற்றடிக்கும் கருவியையும் உருவாக்கினார். 1892இல் பந்தின் நீள்வட்ட அளவுகள் விதியாக்கப்பட்டன.

வடிவம் சீர்பட்டும் இயற்கை விடவில்லை. தோல் மழைநீரை உறிஞ்சும். நனைந்த பந்து கனக்கும். உதை எட்டும் தொலைவு குறையும். அத்தோற்பந்துக் காலத்தில்தான், 1959இல் டனீடின் நகரில், நியூசிலாந்தின் டான் கிளார்க் காலின் நுனியால் உதைத்த ஆறு தண்டனை உதைகளால் தம் நாட்டிற்கு 18-17 என வெற்றி தேடித் தந்தார். பின்னர் வந்த செயற்கைப் பந்து நீரை ஏற்பதில்லை. எனினும் காற்று இன்னும் ஆட்டத்தில் பங்கு கொள்கிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலுள்ள ஜோகானஸ்பர்க்கில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து கூடுதல் தொலைவு பறக்கிறது.

வீரனின் திறமை பெரிது. ஆனால் அவன் உதையை நம்பத்தக்கதாக்கிய உழைப்பாளரின் கைகளுக்கும், மூச்சைக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு.